கணினியின் கடிகாரமும் ஊர்களின் நேரமும்

நிதியாண்டின் இறுதி நாளான மார்ச் 31, வங்கிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் பரபரப்பான நாள். அன்று இரவு, சிகாகோவில் பணிபுரியும் ஒருவர் தம் இந்தியக் கணக்கிலிருந்து ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தை இணைய வங்கி வழியாகச் செலுத்துகிறார் என்று கொள்வோம். அவருடைய மடிக்கணினியில் மணி இரவு 8.00, தேதி மார்ச் 31. ஆண்டு முடிய இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது என்ற நிம்மதியோடு அவர் உறங்கச் செல்லக்கூடும். ஆனால் அவருடைய கணக்கு உள்ள இந்தியாவில் அப்போது ஏப்ரல் 1, காலை 6.30. தொகை புதிய நிதியாண்டில்தான் பதிவாகும். பழைய வரிமுறையில் விலக்குக் கோர நினைத்திருந்தால், அந்த விலக்கும் ஓராண்டு தள்ளிப்போகும்.

சிங்கப்பூரில் இருப்பவருக்கு நிலைமை நேர்மாறானது. அங்கே ஏப்ரல் 1 பிறந்து முக்கால் மணி நேரம் கழிந்த பின்னும் இந்தியாவில் மார்ச் 31, இரவு 10.15தான். காலம் கடந்துவிட்டதென்று அவர் கைவிட்ட வேலையை அப்போதும் செய்து முடித்திருக்கலாம்.

இருவருடைய கணினிகளும் சரியாகவே இயங்கின. அவை காட்டியது எந்த ஊரின் நேரம் என்ற கேள்விதான் விடுபட்டுப்போனது. கணினி நேரத்தை எவ்வாறு கணக்கிடுகிறது, நேர மண்டலம் என்பது என்ன, சில நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் ஏன் மாற்றப்படுகிறது, இவற்றை நம் கருவிகளில் எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உள்ளே ஓடுவது ஒரே எண்ணிக்கை

கணினியின் திரையில் நாம் காணும் மணியும் தேதியும் அதன் உள்ளே அந்த வடிவில் இருப்பதில்லை. இன்றைய கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் நேரத்தை நொடிகளின் எண்ணிக்கையாகவே வைத்திருக்கின்றன. 1970 ஜனவரி 1 தொடங்கிய நள்ளிரவிலிருந்து எத்தனை நொடிகள் கழிந்துள்ளன என்பதே பலவற்றிலும் பயன்படும் கணக்கு. அந்த நள்ளிரவு, யு.டி.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒருங்கிணைந்த உலக நேரத்தின்படி அமைந்தது. நம் அன்றாடப் பயன்பாட்டில் இதைப் பழைய கிரீன்விச் நேரத்துக்கு நிகராகக் கொள்ளலாம்.

இந்த எண்ணிக்கை உலகெங்கும் ஒன்றே. ஒரே கணத்தில் சென்னைக் கணினியிலும் டொராண்டோக் கணினியிலும் ஒரே எண்தான் இருக்கும். அந்த எண்ணை உள்ளூர் மணியாக மாற்றித் திரையில் காட்டும் பணியை நேர மண்டல அமைப்பு செய்கிறது.

வங்கி வழக்கில் சொல்வதானால், பேரேடு முழுவதும் ஒரே நாணயத்தில் எழுதப்படுகிறது. வாடிக்கையாளருக்குக் காட்டும்போது மட்டும் அவரவர் நாட்டு நாணயத்தில் மாற்றிக் காட்டப்படுகிறது. மாற்று விகிதம் தவறானால் பேரேடு தவறாகிவிடாது. காட்டப்படும் தொகைதான் தவறாகும். நேரத்திலும் அப்படியே. எண்ணிக்கையில் பிழையா, மாற்றிக் காட்டுவதில் பிழையா என்று பிரித்தறிந்தாலே பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

ஐந்தரை மணி நேரம் வந்த வழி

இந்திய நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே செல்கிறது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூருக்கு அருகே செல்லும் கிழக்குத் தீர்க்கரேகை 82 பாகை 30 கலையை அடிப்படையாகக் கொண்டது இது. பூமி 15 பாகை சுழல ஒரு மணி நேரம் ஆவதால், எண்பத்திரண்டரைப் பாகைக்கு ஐந்தரை மணி நேரம் என்பது கணக்கு.

இந்த ஒருமைப்பாடு எளிதில் வந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம், சென்னைக்கு ஒரு நேரம் என்றிருந்தது. 1792இல் தொடங்கிய சென்னை வானியல் ஆய்வகத்தின் கணிப்பையொட்டிய சென்னை நேரம், கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது. நாட்டின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடைப்பட்டதாக அமைந்த அந்த நேரத்தையே இரயில் நிறுவனங்கள் தங்கள் கால அட்டவணைகளுக்கு ஏற்றுக்கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரங்கள் மேலும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன.

நேர மண்டலம் என்பதை வெறும் ஒரு வித்தியாச எண்ணாகக் கொள்ளக் கூடாது என்பது இதிலிருந்தே விளங்கும். ஓர் ஊர் எந்தக் காலத்தில் எந்த நேரத்தைப் பின்பற்றியது என்ற வரலாறும் அதில் அடங்கும்.

விண்டோஸ் கணினியில் நேர மண்டலங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால் இதற்கு அருமையான சான்று கிடைக்கும். அதில் ஐந்தரை மணி வித்தியாசம் உடைய வரிகள் இரண்டு. ஒன்றில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி. மற்றொன்றில் இலங்கையின் ஸ்ரீ ஜயவர்தனபுர. எண் ஒன்றாக இருக்க, வரி ஏன் இரண்டு? மின் பற்றாக்குறையின் காரணமாக 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. ஆகவே 2000ஆம் ஆண்டில் கொழும்பில் நண்பகல் 12 மணிக்கு நடந்த ஒன்று, இந்தியாவில் 11.30 மணிக்கு நடந்ததாகும். இன்று இரு நாடுகளின் நேரமும் ஒன்றுதான், அன்று வேறு. அந்த வேறுபாட்டை மறவாதிருக்கவே கணினி இரண்டு வரிகளை வைத்திருக்கிறது.

ஆண்டுக்கு இருமுறை மாறும் கடிகாரம்

நிலநடுக்கோட்டிலிருந்து விலகியுள்ள நாடுகளில் கோடையில் பகல் மிக நீளும். குளிர்காலத்தில் மிகச் சுருங்கும். லண்டனில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ பதினாறரை மணி நேரம். மிகக் குறுகிய பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. சென்னையில் இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றரை மணி நேரம் அளவில் அடங்கிவிடுகிறது. கோடையில் விடியற்காலை வெளிச்சம் உறக்கத்தில் வீணாவதைத் தவிர்த்து, மாலையில் கூடுதல் வெளிச்சம் பெறும் பொருட்டுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பதே பகலொளிச் சேமிப்பு நேரம். நாடு தழுவிய அளவில் இதை முதன்முதலாக 1916இல் ஜெர்மனி கொண்டுவந்தது. சில வாரங்களில் பிரிட்டனும் பின்தொடர்ந்தது. பகலின் அளவு பெரிதும் மாறாத நம் நாட்டுக்கு இது தேவைப்படவில்லை.

இம்முறையைப் பின்பற்றும் நாடுகளும் ஒரே நாளில் மாறுவதில்லை. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரம் முன்னே செல்லும். நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே வரும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகள் அதற்கு உரியவை. தென்கோளத்தில் உள்ள சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கோடைக்கால நேரம். ஒரே நாட்டுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலமும், அமெரிக்காவின் ஹவாய் மாநிலமும், அரிசோனாவின் பெரும்பகுதியும் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை.

இதனால் விளையும் கணக்கைக் காண்க. நியூயார்க் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். லண்டனுக்கு இவ்வித்தியாசம் முறையே நான்கரை, ஐந்தரை. காலை 9.30 மணிக்குத் தொடங்கும் நியூயார்க் பங்குச் சந்தை, இந்தியாவில் ஒரு பருவத்தில் மாலை 7 மணிக்கும், மறு பருவத்தில் இரவு 8 மணிக்கும் தொடங்குவதாகத் தோன்றும். 2025 மார்ச் 9 முதல் 30 வரை அமெரிக்கா மாறிவிட்டது, பிரிட்டன் மாறவில்லை. அந்த மூன்று வாரங்களில் வழக்கமாக ஐந்து மணி நேரமாக இருக்கும் லண்டன்–நியூயார்க் இடைவெளி நான்கு மணி நேரமாகக் குறைந்திருந்தது. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றில் இந்த மாற்றம் இல்லை. அங்குள்ள உறவினருடன் பேசும் நேரம் ஆண்டு முழுவதும் ஒன்றே.

இல்லாத மணியும் இருமுறை வரும் மணியும்

அமெரிக்காவில் கடிகாரம் முன்னே செல்லும் ஞாயிறன்று, அதிகாலை 2 மணி ஆகும் கணத்தில் அது 3 மணியாகிவிடும். அன்று 2.30 என்ற மணியே அந்த நாட்டுக்குக் கிடையாது. நாள்தோறும் 2.30க்கு இயங்கும்படி ஒரு கணினிப் பணியை உள்ளூர் நேரத்தில் அமைத்து வைத்திருந்தால், அன்று அது என்ன செய்ய வேண்டும்? சில மென்பொருள்கள் அதை விட்டுவிடும். சில, பின்னர்ச் செய்யும். முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் விளைவு அந்த மென்பொருளைப் பொறுத்ததாகிவிடும்.

கடிகாரம் பின்னே வரும் நாளில் சிக்கல் வேறு வகையானது. 2025 நவம்பர் 2 அன்று நியூயார்க்கில் 1 மணி முதல் 2 மணி வரையிலான நேரம் இருமுறை வந்தது. முதற்சுற்றில் 1.50க்கு ஒருவர் கணக்கில் பணம் வரவாகிறது; இருபது நிமிடம் கழித்து அவர் அதிலிருந்து பணம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கடிகாரம் பின்னே வந்துவிட்டபடியால், எடுத்த நேரம் 1.10. உள்ளூர் நேரத்தை மட்டும் பதிவு செய்தால், பணம் வருவதற்கு நாற்பது நிமிடம் முன்பே அவர் எடுத்துவிட்டதாகக் கணக்கு காட்டும். இல்லாத இருப்பிலிருந்து எடுத்ததற்காக அபராதம் விதிக்கவும் இது இடம் தரக்கூடும். இந்திய நேரத்தில் பார்த்தால் வரவு காலை 11.20, பற்று காலை 11.40, எந்தக் குழப்பமும் இல்லை. உலக நேரத்திலும் வரிசை மாறாது. பல நாடுகளில் இயங்கும் அமைப்புகள் பரிவர்த்தனைகளை உலக நேரத்தில் பதிவு செய்வதன் பயன் இதுவே.

அரசு விதியை மாற்றினால்

சூரியனின் ஓட்டம் மாறாதது. கடிகார விதிகளோ அரசாணைக்கு உட்பட்டவை. அமெரிக்காவில் 2005இல் இயற்றப்பட்ட எரிசக்திச் சட்டம், 2007 முதல் கோடைக்கால நேரத்தை முன்னும் பின்னுமாகச் சில வாரங்கள் நீட்டியது. பழைய விதியே பொதிந்திருந்த கணினிகள் யாவும் திருத்தப்பட வேண்டியதாயிற்று. அமெரிக்க நேரத்தைக் கையாண்ட மென்பொருள் எந்த நாட்டில் இயங்கினாலும் இதற்கு விலக்கில்லை. திருத்தப்படாதவற்றின் நாட்காட்டியில், இடைப்பட்ட வாரங்களின் சந்திப்புகள் ஒரு மணி நேரம் பிசகிக் காட்டின.

ஈராண்டு அவகாசம் கிடைத்த மாற்றம் அது. லெபனானில் 2023இல் கிடைத்த அவகாசம் சில நாட்களே. அங்கே மார்ச் 25 நள்ளிரவு கோடைக்கால நேரம் தொடங்க வேண்டும். ரமலான் நோன்புக் காலம் முடியும்வரை அதைத் தள்ளிவைப்பதாக மார்ச் 23 அன்று அரசு அறிவித்தது. சில நிறுவனங்களும் மாரோனைட் திருச்சபையும் இதை ஏற்காமல் பழைய விதிப்படியே கடிகாரத்தை மாற்றின. கைபேசிகள் சில தாமாகவே முன்னே சென்றன, சில செல்லவில்லை. ஒரே நாட்டில் இரண்டு நேரங்கள் நிலவின. ஒரு சந்திப்புக்கு நாள் குறித்தவர்கள், அது எந்த நேரத்தின்படி என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இறுதியில் மார்ச் 27 அன்று அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. 29ஆம் நாள் நள்ளிரவு கடிகாரங்கள் முன்னே வைக்கப்பட்டன.

இத்தகைய மாற்றங்களை உலகின் கணினிகளுக்கு எடுத்துச் செல்லும் கருவூலம் ஒன்று உள்ளது. 1980களில் அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய நேர மண்டலத் தரவுத்தளமே அது. தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்த இது, 2011 முதல் இணையப் பெயர்களையும் எண்களையும் நிருவகிக்கும் அமைப்பின் ஆதரவில் வெளியாகிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கருவிகள் இதையே நம்பியுள்ளன. விண்டோஸ் தனக்கெனத் தனிப் பட்டியலை வைத்துப் புதுப்பித்து வருகிறது. லெபனான் அரசு தள்ளிவைப்பை அறிவித்த நாளில் இத்தரவுத்தளத்தின் ஒரு பதிப்பு வெளிவந்தது. அரசு பின்வாங்கியதும், ஐந்து நாள் இடைவெளியில், அதை மாற்றி மறு பதிப்பு வெளிவந்தது. கைபேசிக்கும் கணினிக்கும் அவ்வப்போது வரும் ‘அப்டேட்’களை நாம் காலம் தாழ்த்தாமல் ஏற்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடந்ததற்கு எண்ணிக்கை, நடக்கவிருப்பதற்கு ஊர்ப் பெயர்

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு நெறி கிடைக்கிறது. நடந்து முடிந்த ஒன்றின் நேரத்தை உலக நேரத்தில் பதிவு செய்வது பாதுகாப்பானது. அது இனி மாறப்போவதில்லை. நடக்கவிருக்கும் ஒன்றை அவ்வாறு மாற்றி வைத்தால் ஆபத்து. ‘அடுத்த ஆண்டு ஏப்ரல் 5, காலை 10 மணி, பெய்ரூட்’ என்று ஒரு சந்திப்பைக் குறித்து, அதை இன்றைய வித்தியாசத்தைக் கொண்டு உலக நேரமாக்கி வைத்துவிட்டோம் என்று கொள்வோம். இடையில் அந்நாட்டு அரசு விதியை மாற்றினால், நம் குறிப்பு ஒரு மணி நேரம் பிசகும். உள்ளூர் மணியோடு ஊரின் பெயரையும் சேர்த்து வைத்திருந்தால், விதி மாறினாலும் கணினி அதைத் தானே சரியாகக் கணக்கிடும்.

நேர மண்டலங்களுக்குக் கணினித் துறை ஊர்ப் பெயர்களைச் சூட்டியிருப்பதன் பொருளும் இதுவே. இந்தியாவுக்கான பெயர் ‘ஏசியா/கொல்கத்தா’. சென்னைக்கும் மதுரைக்கும் அதுவே பொருந்தும். பழைய மென்பொருள்களில் ‘ஏசியா/கல்கத்தா’ என்றிருந்தாலும் அதே பலன்தான். மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்புவது நன்றன்று. ‘ஐ.எஸ்.டி.’ என்பது நமக்கு இந்தியத் திட்ட நேரம். இஸ்ரேலியருக்கு இஸ்ரேல் நேரம். அயர்லாந்தினருக்கு அவர்களுடைய கோடைக்கால நேரம். வெளிநாட்டவருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது ‘மாலை 5 மணி, சென்னை நேரம்’ என்று எழுதுவதே தெளிவு.

நம் கருவிகளில் அமைக்கும் முறை

விண்டோஸ் கணினியில் ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ என்பதன் கீழ் ‘டேட் அண்ட் டைம்’ என்பதைத் தேர்க. ‘டைம் ஸோன்’ என்ற இடத்தில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்றுள்ள வரி இருக்க வேண்டும். நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியை இயக்கத்தில் வைத்து, ‘சிங்க் நவ்’ பொத்தானை ஒருமுறை அழுத்தினால், இணையத்தில் உள்ள நேர சர்வரோடு கணினி தன்னைச் சரிசெய்துகொள்ளும். பகலொளிச் சேமிப்புக்குத் தனியே ஒரு பொத்தான் உண்டு. இந்திய நேர மண்டலத்தைத் தேர்ந்தவர்கள் அதைக் கருத வேண்டியதில்லை. வெளிநாட்டில் வசிப்பவர்கள் அதை இயக்கத்தில் வைத்திருப்பதே முறை.

ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கைபேசிகளில் தேதி, நேரம் பற்றிய அமைப்பில் ‘ஆட்டோமேட்டிக்’ என்பதை இயக்கினால் போதும். பயணத்தின்போது ஊருக்கேற்ப நேரம் தானே மாறும். லினக்ஸ் பயன்படுத்துவோர் நேர மண்டலத்தை ‘ஏசியா/கொல்கத்தா’ எனப் பெயரால் அமைக்க வேண்டும். வெறும் எண் வித்தியாசத்தைத் தேர்வதைத் தவிர்க்கலாம்.

கடிகாரம் தவறாகக் காட்டினால், எவ்வளவு தவறு என்பதிலேயே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

• சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால், நேர மண்டலம் தவறு. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்போருக்கும் இது நேரலாம். கணினியின் உட்கடிகாரத்தில் முன்னது உள்ளூர் நேரத்தையும், பின்னது உலக நேரத்தையும் வைப்பதே காரணம்.

• சரியாக ஒரு மணி நேரம் பிசகினால், பகலொளிச் சேமிப்பு விதியில் கோளாறு. இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

• சில நிமிடங்கள் பிசகினால், எண்ணிக்கையே நழுவியிருக்கிறது. நேர சர்வரோடு இணைக்க வேண்டும்.

• ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதி தோன்றினால், மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிதே.

முதல் வகைத் தவறு நேர்ந்தால் பலர் நேர மண்டலத்தைத் திருத்தாமல் முள்ளை நகர்த்துவது போல மணியைக் கையால் மாற்றிவிடுகிறார்கள். திரையில் சரியான மணி தோன்றும். ஆனால் உள்ளே உள்ள எண்ணிக்கை ஐந்தரை மணி நேரம் பிழையாகிவிடும். அதன் விளைவு வங்கிப் பணியில்தான் முதலில் தென்படும். வங்கியின் இணையதளம் உண்மையானதா என்பதை உறுதிசெய்யும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி பெரிதும் தவறானால், ‘இத்தளம் பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை தோன்றும். அப்போது அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லாமல், தேதியையும் நேரத்தையும் முதலில் சரிபார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடித்தால், அத்தளத்தில் கடவுச்சொல்லை உள்ளிடவே கூடாது.

முப்பது நொடிக்கு ஒருமுறை புதிய எண்ணைத் தரும் அங்கீகாரச் செயலிகளும் கைபேசியின் கடிகாரத்தையே நம்பியுள்ளன. கடிகாரம் சில நிமிடங்கள் பிசகினாலும் அந்த எண்கள் ஏற்கப்படமாட்டா. குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. இவ்வாறன்று, அதன் ஆயுள் வங்கியின் சர்வரில் கணக்கிடப்படுகிறது.

வங்கியாளர்களாகிய எங்களுக்கும் இதில் கட்டுப்பாடுகள் உண்டு. 2022 ஏப்ரலில் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’ வெளியிட்ட ஆணையின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். இந்திய நேரத்தை அணுக்கடிகாரங்கள் கொண்டு பேணிவருவது புதுடெல்லியிலுள்ள அந்த ஆய்வகமே. ஒரு மோசடி நிகழ்ந்தால், பல நிறுவனங்களின் பதிவுகளை ஒப்பிட்டு எது முன், எது பின் என்று அறிய இந்த ஒத்திசைவு இன்றியமையாதது.

தேதி கடக்குமுன் செலுத்த

இந்தியக் கணக்கிற்கான கெடு எதுவாயினும் அது இந்திய நேரப்படியே. மார்ச் 31 இந்தியாவில் முடியும் கணத்தில் பிற ஊர்களில் மணி என்ன என்பதை வெளிநாட்டில் வாழும் வாடிக்கையாளர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம். சிகாகோவில் அன்று பிற்பகல் 1.30, நியூயார்க்கில் பிற்பகல் 2.30, லண்டனில் மாலை 7.30, துபாயில் இரவு 10.30. சிங்கப்பூரில் ஏப்ரல் 1 அதிகாலை 2.30, சிட்னியில் அதிகாலை 5.30. ஏப்ரல் 1 ஞாயிறாக அமையும் ஆண்டில் மட்டும் சிட்னிக்கு அது 4.30 ஆகும், அந்த அதிகாலையில்தான் அங்கே கடிகாரம் பின்னே வருகிறது.

நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். சேவை 2020 டிசம்பர் முதலும் இரவு பகலாக எல்லா நாளும் இயங்குகின்றன. ஆயினும் நெஃப்ட் பரிமாற்றங்கள் அரை மணிக்கு ஒரு தொகுதியாகவே தீர்வு காணப்படுகின்றன. பெறுபவர் கணக்கில் வரவாக மேலும் சிறிது நேரம் ஆகலாம். ஆகவே நள்ளிரவை ஒட்டிப் பணம் அனுப்பினால் வரவுத் தேதி மறுநாளாகக்கூடும். ஒரு நாள் முன்னதாகச் செலுத்துவதே உத்தமம்.

இணையவழியில் வெளிநாடுகளுக்குப் பொருள் விற்கும் சிறு வணிகர்கள், தாங்கள் பதிவிறக்கும் விற்பனை அறிக்கையின் தலைப்பில் எந்த நேரம் குறிக்கப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். அது உலக நேரமாக இருந்தால், ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்கு வந்த ஆர்டர், மார்ச் 31 இரவு 9.30 என்று பதிவாகியிருக்கும். மாதக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் வங்கிக் கணக்கோடு ஒத்துவராமல் திகைப்பதற்கு முன், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பல முரண்கள் தாமே தீரும். வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்திய ரசீதின் தேதியும் இங்குள்ள கணக்கு விவரத்தின் தேதியும் ஒரு நாள் வேறுபட்டால், புகார் எழுதுமுன் இதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. தொகையே அறிமுகமற்றதாக இருந்தால் மட்டும் சற்றும் தாமதியாமல் வங்கிக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் தங்கள் கணினியின் நேர மண்டலத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் சென்னையின் பெயர் இருக்கிறதா என்று உறுதிசெய்ய ஒரு நிமிடம் போதும். அயல்நாட்டில் பிள்ளைகள் இருப்பின், ‘பணம் அனுப்புவது இந்தியத் தேதியைப் பார்த்து’ என்ற ஒரு வரியையும் அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மார்ச் 31 அன்று அது பயன்படும்.